ஒளிந்த துறைமுகத்தில் பத்து நாட்கள்

கடற்கரையூரில் பிறந்து, அவ்வூரிலேயே முப்பத்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், இன்னொரு கடற்கரையைக் காண்பதற்கு இத்தனை ஆயிரம் மைல் போகத்தான் வேண்டுமா என்று என் துணைவியார் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் பணிபுரியும் எங்கள் மகளும் மருமகனும் 2024 நவம்பரில் கிடைத்த விடுமுறையை மெக்ஸிகோவில் கழிப்பதென்று முடிவு செய்துவிட்டனர். அப்போது அவர்களுடன் தங்கியிருந்த எங்களை விட்டுவிட்டுப் போக மகளுக்கு மனம் ஒப்பவில்லை. எட்டு வயதுப் பேரனோ, "நன்னாவும் நன்னியும் வராவிட்டால் நானும் வரமாட்டேன்" என்று பெட்டியின் மேலேறி உட்கார்ந்துகொண்டான். எங்கள் கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தமையால் மெக்ஸிகோவுக்கெனத் தனி விசா தேவைப்படவில்லை. ஆகவே மறுத்துரைக்கக் காரணமும் இல்லாது போயிற்று.

நாங்கள் சென்ற ஊரின் பெயர் புவேர்த்தோ எஸ்கோந்தீதோ. ஸ்பானிய மொழியில் 'ஒளிந்த துறைமுகம்' என்று பொருள். மெக்ஸிகோவின் தெற்கே வஹாக்கா மாநிலத்தில், பசிபிக் மாக்கடலின் கரையில் இருக்கிறது. கடற்கொள்ளையரிடமிருந்து தப்பி வந்து இக்கரையில் ஒளிந்துகொண்ட பெண்ணொருத்தியின் நினைவாக இப்பெயர் வந்ததென்று அவ்வூரார் ஒரு கதை சொல்கின்றனர். கதையைக் கதையாகவே கொள்வோம். வரலாறு சொல்வது வேறு. குடிநீர்ப் பஞ்சத்தால் நெடுங்காலம் நிலையான குடியிருப்பு இன்றிக் கிடந்த இவ்விடம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைத்தோட்டங்களின் காப்பிக்கொட்டையைக் கப்பலேற்றும் சிறு துறையாக எழுந்தது. பின்னர் அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் அதன் அலைகளைக் கண்டுபிடித்தனர். அன்றோடு ஊர் ஒளிந்திருந்த காலம் முடிந்தது.

வஹாக்கா நகரம் வரை விமானத்தில் சென்று, அங்கிருந்து வேனில் கடற்கரைக்கு இறங்கினோம். இடையே நிற்பது தெற்கு சியர்ரா மாத்ரே மலைத்தொடர். முன்பெல்லாம் இம்மலையைக் கடக்க ஆறேழு மணி நேரம் பிடிக்குமாம். வளைவுகளைத் தாளாமல் வாந்தி எடுக்காதவர் அரிதாம். பல்லாண்டு இழுபறிக்குப் பின்னர் 2024 பிப்ரவரியில் புதிய சாலை திறக்கப்பட்டது. நாங்கள் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தோம். என் துணைவியார் முன்னெச்சரிக்கையாகக் கையில் எடுத்து வைத்திருந்த எலுமிச்சம்பழம் முகரப்படாமலேயே ஊர் வந்து சேர்ந்தது. இச்சாலையினால் அவ்வூர் மக்களுக்கு விளைந்த நன்மையும் தீமையும் பின்னர்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

ஊரை இரண்டாகப் பிளந்து செல்கிறது 200ஆம் எண் கடற்கரை நெடுஞ்சாலை. அதற்குக் கீழே கடலும், ஓட்டல்களும், வெளிநாட்டாரும். மேலே சந்தையும், பள்ளிக்கூடங்களும், ஊர் மக்களும். என் மருமகன் சிக்கனக்காரர். மேற்பகுதியில், சந்தைக்குப் பக்கத்தில், ஒரு விதவைத் தாயின் வீட்டில் இரண்டறைகளை வாடகைக்குப் பிடித்திருந்தார். முதலில் எனக்கு இதில் சிறிது வருத்தமே. சன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று எண்ணி வந்தவனுக்கு, பக்கத்து வீட்டு மாடியிலிருந்த கறுப்புத் தண்ணீர்த்தொட்டிதான் தெரிந்தது. ஆனால் இரண்டு நாட்களில் வருத்தம் போய்விட்டது. கடலைக் கீழே இறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஊரைப் பார்க்க மேலேதான் இருக்க வேண்டும்.

காலையில் முதலில் எழுந்து வருவது தண்ணீர்க்காரர். இருபது லிட்டர் கொள்ளும் பெரிய குப்பிகளை வண்டியில் ஏற்றி, "ஆகுவா!" என்று நீட்டி முழக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் செல்வார். அடுத்து சமையல் எரிவாயு வண்டி. அதன் பிறகு தோளில் வாளியுடன் ரொட்டி விற்பவர். குழாய்த் தண்ணீரை அங்கு யாரும் குடிப்பதில்லை. குளிக்கவும் துவைக்கவும் வேண்டிய தண்ணீரும் நாள்தோறும் வருவதில்லை. வராத நாட்களில் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கித் தரையடித் தொட்டியில் நிரப்பிக்கொள்கின்றனர். வீட்டுக்கார அம்மாள் ஒவ்வொரு மாலையும் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு கோலைவிட்டு ஆழம் பார்ப்பார். இந்தக் காட்சி எங்களுக்குப் புதிதன்று. ஆகையால் யாரும் சொல்லாமலேயே என் துணைவியார் எங்கள் குளியலை ஆளுக்கு ஒரு வாளி என்று சுருக்கிவிட்டார்.

அன்று மாலை தொட்டியை மூடிய அம்மாள் வானத்தை நோக்கி, "ஓஹலா, நாளைக்கு லாரி வரட்டும்" என்னும் பொருள்பட ஏதோ சொன்னார். மகள் டெக்ஸாஸில் ஓரளவு ஸ்பானியம் கற்றவள். "உம்மா, அந்த ஓஹலா என்ற சொல் நம்முடைய சொல்தான்" என்றாள். மொழியறிஞர்கள் கூறுவதும் அதுவே. ஸ்பெயின் நாட்டில் கி.பி. 711 முதல் 1492 வரை முஸ்லிம் ஆட்சி ஏதேனும் ஒரு பகுதியிலேனும் நீடித்தது. அக்காலத்தில் மக்கள் பேசிய அரபுமொழியில் 'அல்லாஹ் நாடினால்' என்று பொருள்படும் தொடரே தேய்ந்து 'ஓஹலா' ஆயிற்று. கிரனாடா வீழ்ந்த அதே 1492இல்தான் கொலம்பஸின் கப்பல்கள் மேற்கே புறப்பட்டன. ஆட்சியை ஒழித்துவிட்டு வந்தவர்கள், அதன் சொற்களை வாயிலேயே சுமந்துகொண்டு புதிய கண்டம் வந்து சேர்ந்தனர். தலையணைக்கு அல்மொஹாதா, எண்ணெய்க்கு அஸெய்த்தே, சர்க்கரைக்கு அஸூக்கர், மொட்டைமாடிக்கு அஸொத்தேயா. எல்லாவற்றிலும் அரபு ஒலிக்கிறது. புளியைத் தமரிந்தோ என்கின்றனர். 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்பதன் திரிபு அது. அதன் பிறகு பேரனுக்கு இதுவே விளையாட்டாகிவிட்டது. கண்ணில் பட்ட பொருளையெல்லாம் காட்டி, "இது அரபியா, நன்னா?" என்று கேட்டு என்னைத் திணறடித்தான்.

உணவு விஷயத்தில்தான் புறப்படும் முன்பே கவலை இருந்தது. அந்நாட்டில் பன்றிக்கொழுப்பு மிகச் சாதாரணமான சமையற்பொருள். அவரையை அதில்தான் வதக்குவர். வஹாக்காவின் பெயர் பெற்ற த்லாயூதா என்னும் அகன்ற சோள அப்பளத்தின் மேல் அக்கொழுப்பின் கசடைத் தடவித்தான் கொடுப்பர். சோளமாவை இலையில் பொதிந்து அவிக்கும் 'தமால்' என்றொரு பண்டம் உண்டு. பெயரைக் கேட்டுப் பேரன், "தமிழ்க் கொழுக்கட்டையா?" என்று துள்ளினான். அதன் மாவிலும் பெரும்பாலும் அதே கொழுப்புத்தான். ஒரு மாலை கடைத்தெருவில், செங்குத்தான கம்பியில் இறைச்சி அடுக்கடுக்காகச் சுழன்று வெந்துகொண்டிருந்தது. ஷவர்மா என்று எண்ணி அவன் ஓட, மருமகன் பின்னால் ஓடிப் பிடித்தார். உண்மையில் அது ஷவர்மாவின் வழித்தோன்றலே. லெபனான் பகுதியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சமையல்முறை அது. காலப்போக்கில் ஆட்டிறைச்சியின் இடத்தைப் பன்றி இறைச்சி பிடித்துக்கொண்டது. உருவத்தைக் கண்டு ஏமாறலாகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தைப் பேரனுக்கு நான் கற்பித்திருக்க முடியாது.

வீட்டுக்கார அம்மாளிடம் மகள் எங்கள் முறையை எடுத்துச் சொன்னபோது, அவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பசியாற அழைத்தபோது, புதிய வாணலியொன்றை எங்கள் முன் தூக்கிக் காட்டினார். கடையின் விலைச்சீட்டு அதில் ஒட்டியபடி இருந்தது. எண்ணெய்ப் போத்தலையும் காட்டினார். பிறகு அவரையைத் தாளித்தார். நாங்கள் தங்கியிருந்த பத்து நாட்களும் அந்த வாணலியில் வேறெதுவும் ஏறவில்லை. அதற்காக அவர் ஒரு பேஸோகூட அதிகம் வாங்கவில்லை.

அவர் சோளத்தைப் பக்குவம் செய்யும் முறையை என் துணைவியார் அருகிலிருந்து கவனித்தார். உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் தோல் போகக் கழுவி அரைக்கின்றனர். "வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பா?" என்று துணைவியார் வியந்தார். பழங்குடி மக்கள் கண்ட இம்முறைக்குள் பெரும் அறிவு இருக்கிறது. சோளத்திலுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்து, சுண்ணாம்பு சேர்ந்தால்தான் உடலுக்குக் கிட்டும். சோளத்தை மட்டும் எடுத்துப்போய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பிய நாடுகளில், சோளமே உணவாகக் கொண்ட ஏழைகள் பெலாக்ரா என்னும் கொடிய நோய்க்கு ஆளாயினர். விதையை வாங்கியவர்கள் விதையைத் தந்தவர்களிடம் சமையலையும் கேட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் காலை நடந்ததை எழுதுவதா, விடுவதா என்று யோசித்தேன். எழுதுவதே முறை.

ஊரின் கிழக்கே ஸிக்காத்தேலா என்னும் நீண்ட கடற்கரை உண்டு. உலகப் புகழ் பெற்ற அலைகள் எழுவது இங்குதான். தென்கோளத்தில் எங்கோ வீசும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றி வந்து, ஆழ்கடலிலிருந்து திடீரென்று மேடாகும் இக்கரையில் மோதி எழுகின்றன. நவம்பரில் அவற்றின் சீற்றம் குறைவு என்றனர். குறைவு என்பது அலைச்சறுக்குக்காரர்களின் அளவுகோல் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கரையில் சிவப்புக்கொடி பறந்தது. குளிப்பவர் எவருமில்லை. அதையும் கண்டேன். குளிக்கவா போகிறேன், முழங்கால் அளவில் நின்று கால் நனைக்கத்தானே என்று இறங்கினேன். கடற்கரையில் பிறந்தவன் என்ற கர்வமும் கூடவே இறங்கியது.

ஓர் அலை வந்து இடுப்பில் அறைந்தது. அது திரும்பும்போது காலடி மணலை அப்படியே உருவிக்கொண்டு போயிற்று. விழுந்தேன். எழுவதற்குள் அடுத்தது. மூச்சு வாங்கித் தலையைத் தூக்கியபோது கரை இருந்த இடத்தில் இல்லை. நாற்பது, ஐம்பது கெஜம் அப்பால் சென்றிருந்தது. வகுப்பறையில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் நீர் ஏதாவதொரு குறுகிய வாய்க்கால் வழியே கடலுக்குத் திரும்பும். அவ்விழுப்பில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகவேண்டும். ஒரு வரி விடாமல் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கரையை நோக்கியே கைகளை அடித்தேன். கை ஓய்ந்தது. கலிமாவை நாவில் கொண்டுவந்தேன். துணைவியார் வீட்டில் தேநீர் போட்டுவைத்துக் காத்திருப்பார் என்ற எண்ணமும் அத்துடன் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

சீழ்க்கை ஒலி கேட்டது. சிவப்பு மிதவையொன்றை இழுத்தபடி ஓர் இளைஞர் அலைகளுக்கு அடியில் புகுந்து புகுந்து வந்தார். கரையிலுள்ள உயர்மேடையில் அமர்ந்து காவல்செய்யும் உயிர்காப்பாளர். மிதவையை என் மார்பில் கட்டி, கரைப்பக்கம் போகாமல், கரைக்கு இணையாக நெடுந்தூரம் இழுத்துச் சென்று, பின்பே திரும்பினார். கரும்பலகையில் நான் வரைந்த அதே அம்புக்குறி! மணலில் கிடத்தியபோது முதலில் கண்ணைத் தடவினேன். மூக்குக்கண்ணாடி கடலோடு போயிருந்தது. அல்ஹம்து லில்லாஹ், போனது அது மட்டுமே. அவர் என்னைத் திட்டவில்லை. கொடியைக் காட்டினார், பிறகு கையைப் பக்கவாட்டில் இருமுறை வீசிக்காட்டினார். நான் தலையசைத்தேன். என்னை உட்காரவைத்துவிட்டு மேடைக்கு ஓடிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டில் "அலை அடித்துக் கண்ணாடி போய்விட்டது" என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. உண்மையும் இல்லை. துணைவியார் ஈரச்சட்டையைப் பிழிந்துகொண்டே என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு நாட்கள் ஊரைச் சற்று மங்கலாகவே பார்த்தேன். பெனித்தோ ஹுவாரெஸ் சந்தையில் மகள் எனக்கொரு தயார்க் கண்ணாடி வாங்கித் தந்தாள். (பெனித்தோ ஹுவாரெஸ் என்பார் இதே வஹாக்காவின் மலைக்கிராமமொன்றில் ஸப்போத்தெக் பழங்குடியில் பிறந்து, நாட்டின் அதிபராக உயர்ந்து, 1872இல் மறைந்தவர். அந்நாட்டில் அவர் பெயரில்லாத ஊர் இல்லை.) அந்தச் சந்தையில் எங்களுக்கு அந்நியம் என்று தோன்றியது மொழி ஒன்றே. பப்பாளி, கொய்யா, சீத்தா, சப்போட்டா, தக்காளி, மிளகாய் என்று குவியல் குவியலாகக் கிடந்தன. "எல்லாம் நம்மூர்ச் சாமான்" என்றார் துணைவியார். நான்தான் திருத்தினேன். இவை பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில், நம்மூருக்கு வந்தவை. போர்த்துகீசியர் மிளகாயைக் கொண்டுவருமுன் நம் முன்னோர் ஆணத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தனர். மறுபுறம், அங்கே மலிந்து கிடந்த புளியும் மாம்பழமும் ஆசியப்பக்கமிருந்து போனவை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும், இங்கிருந்து மேற்கே 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்கப்பூல்கோவுக்குமிடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் சோழமண்டலக் கரையிலிருந்து மணிலா சென்ற பருத்தித் துணிகளும் ஏறின. இன்றும் அங்கு ஒருவகை மாம்பழத்துக்கு மணிலா என்றே பெயர்.

பூக்கடையில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் செவ்வந்தி வாடிக் கிடந்தது. மாதத்தின் முதலிரு நாட்களில் இறந்தோரை நினைக்கும் விழாவுக்காகக் கொண்டுவந்து மிஞ்சியவை. மெக்ஸிகோ மண்ணின் சொந்தப் பூ அது. தமிழில் இதற்குத் துலுக்கச் செவ்வந்தி என்று பெயர். துருக்கிக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. வெளியிலிருந்து வந்ததெல்லாம் நம்மவர் கணக்கில்தான் எழுதப்பட்டது போலும்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவ்வூரில் ஓட்டலில் நாம் உண்டுகொண்டிருக்கும்போது, எழுந்து வெளியே செல்லும் முன்பின் அறியாதவர்கூட நம் மேசையைக் கடக்கையில் "ப்ரொவேச்சோ" என்று சொல்லாமல் போவதில்லை. உண்பது உடலுக்கு நலமாகட்டும் என்பது கருத்து. மூட்டை தூக்குபவரும் சொல்கிறார்; கழுத்துப்பட்டி கட்டியவரும் சொல்கிறார். கடைக்குள் நுழைவோர் முகமன் கூறாமல் பொருளைக் கேட்பதில்லை. முதல் நாளில் "தக்காளி என்ன விலை?" என்று நேரே கேட்ட மருமகனுக்கு, கடைக்காரப் பெண்மணி "புவேனோஸ் தியாஸ்" என்று காலை வணக்கம் கூறிவிட்டு, அவர் திரும்பச் சொல்லும் வரை விலையைச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் துணைவியார் தாமே மீன் ஆணம் ஆக்குவதாக அறிவித்தார். விடியற்காலையில் படகுத்துறைக்குப் போனோம். அங்கே மீனவர்கள் படகை நங்கூரமிடுவதில்லை. எந்திரத்தை முழுவேகத்தில் முடுக்கி, அலையின் முதுகிலேறி, மணலில் பாய்ந்து ஏறிவிடுகின்றனர். பார்ப்பவர் விலகி ஓடவேண்டும். சங்கராவைப் போன்ற செந்நிற மீன் வாங்கினோம். தேங்காய், புளி, வெங்காயம், கொத்துமல்லித்தழை, அக்கரையின் காய்ந்த மிளகாய் யாவும் கிடைத்தன. கறிவேப்பிலை மட்டும் இல்லை. வீட்டுக்கார அம்மாள் அரைக்கல்லைத் தந்தார். மூன்று கால்களுடன் சரிந்து நிற்கும் எரிமலைக்கல் அம்மி. இரு பெண்களும் ஒரு சொல்லும் பொதுவாக இல்லாமலேயே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டனர்.

அங்கேதான் என் குட்டு உடைந்தது. சிற்றூர் அல்லவா? உயிர்காப்பாளர் அவ்வம்மாளின் தங்கை மகனுக்கு நண்பராம். வெள்ளைத் தாடி வைத்த இந்தியரைக் கடலிலிருந்து இழுத்துப்போட்ட செய்தி முன்பே தெருவுக்கு வந்துவிட்டிருக்கிறது. என் துணைவியார் அறிந்திருப்பார் என்றெண்ணி, அம்மாள் மிளகாயை அரைத்தபடியே கைகளால் அலையைக் காட்டி, மூழ்குவதைக் காட்டி, இழுப்பதைக் காட்டி, வானத்தை நோக்கிக் கையெடுத்தும் காட்டிவிட்டார். மொழி தேவைப்படவில்லை.

ஆணம் மிக நன்றாக அமைந்தது. வீட்டுக்கார அம்மாள் சோள ரொட்டியைத் தொட்டுத் தொட்டு, கண்ணில் நீர் வழிய, இரண்டு முறை வாங்கி உண்டார். எனக்கு நடுத்துண்டம் வைத்துவிட்டுத் துணைவியார் ஒன்றும் பேசவில்லை. இரவுத் தொழுகைக்குப் பின்னர்தான் வாய் திறந்தார்: "என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு ரக்அத் ஷுக்ரு தொழுதிருப்பேனே. மூன்று நாள் கடன் வைத்துவிட்டீர்கள்." என்னிடம் பதில் இல்லை. சேர்ந்து தொழுதோம். அவ்வூரில் கிப்லா வடகிழக்கு. ஊரில் மேற்கு நோக்கியே பழகிய எனக்கு, கடலை முதுகுப்பக்கம் விட்டு மலையை நோக்கி நிற்பது முதல்நாள் முதலே விந்தையாக இருந்தது.

அவ்விரவில்தான் வீட்டுக்கார அம்மாளின் கதையும் தெரிந்தது. அவர் மகள் குழந்தைகளுடன் கடலோரப் பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தவள். சாலை திறந்த பின்னர் வாரவிடுமுறைக் கூட்டம் பெருகியது. வெளிநாட்டார் மாதக்கணக்கில் தங்க வந்தனர். வீட்டுக்காரர் நாள் வாடகைக்கு விட்டால் ஒரு வாரத்தில் கிடைப்பதை அவள் ஒரு மாதத்தில்கூடத் தர இயலாது. இப்போது ஊருக்கு வெளியே, தண்ணீர்க்குழாய் எட்டாத இடத்தில் இருக்கிறாள். கடற்கரை யாவும் பொதுச்சொத்து. எவரும் தடுக்கலாகாது என்று 2020இல் சட்டத்தை இறுக்கியிருக்கின்றனர். நல்ல சட்டமே. ஆனால் கடற்கரைக்கு வரும் உரிமை வேறு, கடற்கரையூரில் வாழ இயல்வது வேறு. நாங்கள் படுத்திருந்த இரண்டறைகளில் ஒன்று அம்மகளுடையது என்று அறிந்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. "அம்மாவின் வருமானமே இதுதான், மாமா. நாம் வராவிட்டால் அதுவும் இல்லை" என்றார் மருமகன். அதுவும் உண்மையே. இரண்டு உண்மைகளையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் செல்லும் கர்ரிசாலீயோ என்னும் அமைதியான சிறுவளைவில் பேரன் அச்சமின்றி நீந்தினான். நான் படியிலேயே இருந்துகொண்டேன். இரவில் நீர் ஒளிரும் மனியால்தெபெக் காயலைக் காண ஆசைப்பட்டோம். நுண்ணுயிர்களின் ஒளி அது. நிலவில்லா இருளில்தான் தெரியும். நாங்கள் போனதோ முழுநிலவை ஒட்டிய நாட்கள். பிறை பார்க்கும் சமூகத்தில் பிறந்தும் நாளைக் கணக்கிடாமல் வந்துவிட்டோம்.

பாக்கோச்சோ கடற்கரையில் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சிக்கு ஒரு மாலை சென்றோம். நம் கரைக்கும் முட்டையிட வருகிற பங்குனி ஆமைதான். கிழக்கேயுள்ள எஸ்கோபீயா கடற்கரையில் அவை பல்லாயிரக்கணக்கில் ஒரே வேளையில் கரையேறும். அதற்கப்பாலுள்ள மசுந்தே ஊரில் ஒரு காலத்தில் ஆமைகளை அறுக்கும் தொழிற்கூடமே நடந்தது. 1990இல் அரசு ஆமைவேட்டையை அடியோடு தடைசெய்தது. பிழைப்பிழந்த அவ்வூரில் பின்னர் ஆமை ஆய்வு மையம் எழுந்தது. அறுத்தவர்களின் பிள்ளைகள் இன்று ஆமையைக் காண வருவோரால் பிழைக்கின்றனர். கை படக்கூடாதென்று பேரனிடம் ஒரு கொட்டாங்கச்சியில் வைத்துக் குஞ்சைத் தந்தனர். மணலில் விட்டான். அது நடந்தது, நின்றது, அலை வந்து பின்னுக்குத் தள்ளியது, மறுபடி நடந்தது. மூன்றாவது அலை கொண்டுபோயிற்று. "நன்னா, அதற்கு நீந்தத் தெரியுமா?" என்றான். "உன் நன்னாவைவிடத் தெரியும்" என்றார் துணைவியார். எல்லாரும் சிரித்தனர். ஐந்து நாட்களுக்குப் பின் அவர் சிரித்த முதல் சிரிப்பு அது.

நாங்கள் திரும்பிய பின், 2025 ஜூன் 19 அன்று எரிக் என்னும் சூறாவளி அவ்வூருக்கு மேற்கே கரையேறியது. மகள் கைபேசியில் செய்தி அனுப்பி விசாரித்தாள். வீடு நிற்கிறது, மாடித் தொட்டி மட்டும் பறந்துவிட்டது என்று பதில் வந்தது. 1997இல் வந்த பாலினா புயலைக் கண்டவர் அவர். தொட்டியைப் பெரிதாக எண்ணவில்லை.

புறப்படும் நாளன்று காலை, துணைவியார் தேங்காய்ச் சோறும் பொரித்த மீனும் ஒரு தூக்கில் கட்டிக்கொண்டு ஸிக்காத்தேலாவுக்கு நடந்தார். நான் பின்னே சென்றேன். சிவப்புக்கொடி பறந்துகொண்டிருந்தது. அதே இளைஞர் அதே மேடையில் அமர்ந்திருந்தார். கீழே நின்று மகள் எழுதித் தந்த ஸ்பானியச் சொற்களை என் துணைவியார் ஒவ்வொன்றாகப் படித்தார். இளைஞர் மார்பில் கைவைத்து, தலையைத் தாழ்த்தி ஏற்றுக்கொண்டார். ஒரு கையை நீட்டித் தூக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ சொல்லவும் செய்தார், புரியவில்லை. இவ்வளவுக்கும் அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. துணைவியார் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். "அங்கே பாருங்கள்" என்றார். முழங்கால் அளவு நீரில், கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, என் வயதொத்த ஒருவர் நின்று கால் நனைத்துக்கொண்டிருந்தார். இளைஞரின் வாயில் சீழ்க்கை ஏற்கெனவே இருந்தது.